கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவர்: இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912)



நம் மறைமாவட்டத்தில் புனித தோமையார் மலைக்குத் திருப்பயணம் போகாதவர்கள் குறைவு. ஆனால் அங்கே படியேறும்போது காலடியில் தெரியும் பாறை என்ன பாறை என்று குனிந்து பார்த்தவர்கள் மிகமிகக் குறைவு. அந்த மலையிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் போனால் பல்லாவரம். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், பல்லாவரம் இராணுவக் குடியிருப்பை ஒட்டிய ஒரு சரளைக் குழியில் 28 வயது ஆங்கிலேயர் ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். எடுத்தவர் அதைத் திரும்பப் போடவில்லை. இந்திய மண்ணில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்ற கேள்விக்கு அதுவரை இருந்த பதில்கள் அத்தனையும் அந்த ஒரு கல்லால் ஆட்டம் கண்டன. அவர்தான் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

அவர் கத்தோலிக்கர் அல்லர். புனிதரும் அல்லர். அரசு சம்பளம் வாங்கிய ஒரு நிலவியலாளர். பிறகு ஏன் இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி என்று சிலர் கேட்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களில் கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளின் கால்சட்டைப் பையில் கல் இல்லாமல் இருக்காது. வெள்ளைக் கல், சிவப்புக் கல், மினுக்குகிற கல் என்று பொறுக்கி வந்து, இது என்ன கல் என்று கேட்பார்கள். குப்பையைக் கொண்டு வராதே என்று நாம் அதட்டி விடுகிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்த ஒரு மனிதரின் வாழ்வை மறைக்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

ஃபூட் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-இல் தாமஸ் ஓல்டாம் என்பவர் தலைமையில் தொடங்கப்பட்டிருந்தது. 1858-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் ஃபூட் அதில் சேர்ந்து சென்னை மாகாணப் பிரிவுக்கு வந்தார். கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா அரசியின் ஆட்சி தொடங்கிய அதே ஆண்டு அது. நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே, பொன் எங்கே என்று கண்டறிந்து வரைபடம் தயாரிப்பதுதான் துறையின் வேலை. கூடாரம், மாட்டு வண்டி, குதிரை, சுத்தியல், உருப்பெருக்கிக் கண்ணாடி இவையே அவர்களது உடைமைகள். மழை விட்டதும் புறப்பட்டால் வெயில் கொளுத்தும்வரை ஊர் ஊராக நடை. வழியில் தெரியும் ஒவ்வொரு பாறையையும் உடைத்து, உள்நிறம் பார்த்து, கத்தியால் கீறி, வரிசை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்து குறிப்பெழுத வேண்டும். ஃபூட் 33 ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார்.

1862-இல் அவர் எலிசபெத் பெர்சிவல் என்பவரை மணந்தார். இந்தப் பெண்ணின் தந்தையைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. அவர்தான் பீட்டர் பெர்சிவல் ஐயர். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மறைப்பணியாளராக இருந்து, 1840-களில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு திருவிவிலியத்தைத் தமிழாக்கியவர். பின்னர் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழை நடத்தினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்தார். இப்படி ஒரு விவிலிய அறிஞரின் மருமகன்தான், திருமணமான மறு ஆண்டே, அன்றைய கிறித்தவ உலகம் கலங்கிப்போன ஒரு பொருளைப் பல்லாவரத்தில் கண்டெடுத்தார்.

கலக்கம் எதனால் என்பதைச் சொல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலிக்கப் பேராயர் ஜேம்ஸ் அஷ்ஷர் விவிலியத்தின் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று முடிவு செய்திருந்தார். ஆங்கில விவிலியப் பதிப்புகள் பலவற்றின் ஓரத்தில் இந்த ஆண்டு அச்சாகவே இருந்ததால், மக்கள் அதையும் இறைவாக்கைப் போலவே நம்பிவிட்டார்கள். பிரான்சில் சுங்க அதிகாரியாக இருந்த பூஷே தெ பெர்த் என்பவர், அழிந்துபோன யானை இனங்களின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்களும் ஒரே படிவத்தில் கிடக்கின்றன என்று 1840-களிலிருந்தே சொல்லி வந்தார். அறிஞர்கள் சிரித்தார்கள். 1859-இல் ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவான்ஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது சரியே என்று திரும்பி வந்தார்கள். சிரிப்பு நின்றது. மனிதன் மிகப் பழையவன் என்பதை விளக்கி சார்லஸ் லயல் எழுதிய நூல் 1863-இன் தொடக்கத்தில்தான் வெளிவந்தது. இந்தச் செய்திகளையெல்லாம் ஃபூட் அறிந்திருந்தார். இந்தியாவிலும் அப்படிக் கற்கள் இருக்கக் கூடும் என்ற எண்ணத்தோடுதான் சரளைக் குழிகளைப் பார்த்து வந்தார்.

அந்தக் குழி சாலைக்குச் சரளை தோண்டிய இடம். நூற்றுக்கணக்கானோர் அங்கே கல் அள்ளியிருப்பார்கள். அதே கல் அவர்கள் கூடையிலும் விழுந்திருக்கும், சாலையில் அரைபட்டும் போயிருக்கும். ஃபூட்டுக்கு மட்டும் அது ஏன் வேறாகத் தெரிந்தது?

முதலாவது, அது அந்த இடத்துக் கல் அல்ல. பல்லாவரம், திரிசூலம், புனித தோமையார் மலைப் பகுதிப் பாறை கருநீலமும் கரும்பச்சையும் கலந்தது. உடைத்துப் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோல் மங்கிய பளபளப்பு இருக்கும். நம் வீட்டு மாடிக் காங்கிரீட்டில் போடும் கருங்கல் ஜல்லி பெரும்பாலும் இந்த இனம்தான். கல்கத்தா நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைப் பலகை இந்தப் பல்லாவரத்துக் கல்லில் செய்யப்பட்டது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-இல் அந்தக் கல்லறையை வைத்து இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். நம் தோமையார் மலையின் பாறை ஒரு கல்லறையால் பெயர் பெற்று, இன்று உலகமெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் பாறையாக இருக்கிறது. ஃபூட் எடுத்த கல் இந்த இனம் இல்லை. அது குவார்ட்சைட்.

குவார்ட்சைட் என்பது ஒரு காலத்தில் மணற்கல்லாக இருந்தது. மணற்கல்லை உடைத்தால் உடைப்பு மணலைச் சுற்றிக்கொண்டு போகும். விரலால் தேய்த்தால் மணி மணியாக உதிரும். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிற்பங்கள் 1300 ஆண்டுகளில் மழுங்கிப்போனது இதனால்தான். குவார்ட்சைட்டில் மணலும் மணலும் ஒன்றாக இறுகிவிடுவதால் உடைப்பு மணலை ஊடுருவிக்கொண்டே போகும். விளிம்பு கத்திபோல் வரும். இரும்பு ஆணியால் கீறினால் கல்லில் கோடு விழாது. ஆணிதான் தேய்ந்து கல்லின்மேல் சாம்பல் நிறக் கோடாக நிற்கும். இந்த இனக் கல் நகரி மலைப் பக்கத்தில் பாறையாக இருக்கிறது. அங்கிருந்து வந்த உருளைக் கற்கள் சென்னைக்கு வடமேற்கே உள்ள குன்றுகளில் மண்டிக் கிடக்கின்றன.

இரண்டாவது காரணம், அதன் வடிவம். ஆற்றில் உருண்ட கல் எல்லாப் பக்கமும் மழுங்கி வழவழப்பாக இருக்கும். தானாக உடைந்த கல் ஒரு பக்கம் உடைந்து மறுபக்கம் சும்மா இருக்கும். இந்தக் கல்லிலோ இரு முகங்களிலும் சில்லுகள் பெயர்த்த தடங்கள் மாறி மாறி இருந்தன. அந்தத் தடங்கள் சந்தித்துச் சுற்றிலும் ஒரே விளிம்பாக ஓடின. தண்ணீருக்கோ வெயிலுக்கோ அப்படித் தட்டத் தெரியாது. ஒரு கை இதைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொரு கை யோசித்து யோசித்துத் தட்டியிருக்கிறது. இன்று இதைக் கைக்கோடரி என்கிறோம்.

ஒரு கல்லை வைத்து ஊரைக் கூட்டுகிற ஆள் இல்லை ஃபூட். குழியிலிருந்து வெளியே அள்ளிப் போட்ட சரளையில் கிடைத்ததால், அது எந்தப் படிவத்துக்கு உரியது என்று யாரும் கேட்கலாம் அல்லவா? தேடிக்கொண்டே இருந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உடன் பணிபுரிந்த வில்லியம் கிங் என்பவரோடு கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள அத்திரம்பாக்கம் ஓடைக்குப் போனார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரிக்கு அருகில் உள்ள ஊர் இது. ஓடைக் கரையின் செதுக்கு முகத்தில், யாரும் தொடாத படிவத்திலேயே பதிந்து கிடந்த கற்கருவிகளை இருவரும் கண்டார்கள். இனி யாரும் மறுக்க முடியாது.

ஃபூட் இந்தக் கருவிகளுக்கு இத்தனை ஆயிரம் ஆண்டு என்று வயது சொல்லவில்லை. அன்று அதை அளக்க வழியும் இல்லை. இவை செம்புரைக்கல் படிவங்களுக்குள் கிடக்கின்றன, அந்தப் படிவம் உருவாகி நிலம் இன்றைய உருவத்துக்கு வந்து சேர மிக நீண்ட காலம் ஆகியிருக்க வேண்டும், ஆகவே இதைச் செய்தவன் அதற்கும் முன்னவன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். தெரிந்த எல்லைக்குள் நிற்பதும் ஒரு நேர்மைதான்.

நம் திருச்சபையில் இந்தக் கேள்விக்குப் பழைய மரபு ஒன்று உண்டு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தினார் தொடக்க நூலுக்கு விளக்கம் எழுதியபோது, இயற்கையைப் பற்றி அறியாமையோடு பேசி அதை மறைநூலின் பெயரில் நிலைநாட்ட முயலும் கிறித்தவர்களைக் கடிந்துகொண்டார். 1909-இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம், தொடக்க நூலின் நாள் என்ற சொல்லை 24 மணி நேரமாகவே கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெளிவாக்கியது. பாறை அடுக்குகளில் அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்ற நிலவியலின் அடிப்படை விதியை 1669-இல் எழுதி வைத்த நீல்ஸ் ஸ்டென்சென் பின்னாளில் ஆயரானவர். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். ஃபூட் பல்லாவரத்தில் தொடங்கி வைத்த அதே துறையில் பிரான்சில் பெரும்பெயர் பெற்ற ஆன்றி பிரோய் ஓர் அருள்தந்தை. ஆகவே, பழைய கற்கருவியைக் கண்டால் நம்பிக்கை போய்விடுமோ என்று நம் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை.

இந்த இடத்தில் இன்னொரு குருவானவரையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காஞ்சிபுரத்துக்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள். ரெனே ழுஸ்த் ஆவி (1743–1822) பிரான்சில் ஓர் ஏழை நெசவாளியின் மகன். குருவாகி, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நண்பர் வீட்டில் ஒரு சுண்ணாம்புப் படிகம் தரையில் விழுந்து நொறுங்கியபோது, துண்டுகள் எல்லாம் ஒரே சாய்சதுர வடிவில் இருப்பதைக் கண்டார். அதைப் பிடித்துக்கொண்டே போய், படிக இயலின் தந்தை என்று பெயர் பெற்றார். கனிமத்தை நிறத்தால் அல்ல, அதன் உள்ளார்ந்த குணத்தால் அடையாளம் காண வேண்டும் என்பதே அவர் போதித்தது.

நிறம் ஏமாற்றும். பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுவே. வெங்கச்சங்கல் வெள்ளையாக இருக்கும், ரோசாவாக இருக்கும், ஊதாவாகவும் இருக்கும், மூன்றும் ஒன்றே. நம் பகுதி மக்களுக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பட்டுச் சேலையின் சரிகை அசலா போலியா என்று பார்க்கப் பளபளப்பை யார் நம்புகிறார்கள்? சரிகையைச் சுரண்டிப் பார்க்கிறார்கள். உள்ளே சிவப்புப் பட்டிழை வந்தால் அசல். பொன்னையும் வெள்ளியையும் உரைகல்லில் உரைத்துக் கோட்டின் நிறத்தைப் பார்க்கிறார்கள். நிலவியலாளர் செய்வதும் அதே உரைகல் வேலைதான். குளியலறைச் சுவரில் பதிக்கும் ஓட்டின் பளபளப்பில்லாத பின்புறம் போதும். இரும்புக் கனிமம் இரண்டை அதில் தேய்த்துப் பார்க்கலாம்; கல் இரண்டும் கறுப்பாகவே இருந்தாலும், ஹேமடைட் செங்காவிக் கோடு போடும், மேக்னடைட் கறுப்புக் கோடு போடும். மேக்னடைட்டைக் காந்தமும் இழுக்கும். சேலம் கஞ்சமலையில் கிடைப்பது இந்த மேக்னடைட்தான்.

அடுத்து, கடினம். ஜெர்மானியர் பிரடெரிக் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப் படி அளவு இன்றும் பயன்படுகிறது. மாக்கல் நகத்தால் கீறினாலே விழுந்துவிடும். அதனால்தான் அதைக் குடைந்து கல்சட்டி செய்ய முடிகிறது. சுண்ணாம்புக்கல்லைக் கத்தி கீறும். வெங்கச்சங்கல் கண்ணாடியையே கீறும். வெள்ளையாக இருக்கும் ஒரு கல் சுண்ணாம்புக்கல்லா வெங்கச்சங்கல்லா என்பதை ஓர் ஆணியை வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சந்தேகம் தீரவில்லையா, சுண்ணாம்புக்கல்லில் கீறிய பொடிமேல் எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்கும். காக்காப்பொன் என்று பிள்ளைகள் ஆசையோடு பொறுக்கும் மைக்கா ஏடு ஏடாக உரியும். கையில் தூக்கிப் பார்த்தால் இரும்புக்கல் கனக்கும். இவ்வளவையும் கற்றுக்கொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். (கல்லை உடைக்கும் வேலையை மட்டும் பெரியவர்கள், கண்ணை மூடிப் பாதுகாத்துக்கொண்டு செய்யட்டும். தண்ணீர் நிறைந்த கல்குவாரிப் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போகவே வேண்டாம்.)

ஃபூட்டும் கிங்கும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களின் நிலவியலை எழுதி 1864-இல் வெளியிட்டார்கள். ஏற்காட்டு அடிவாரத்தில் சுண்ணாம்புபோல் வெள்ளையாகக் கிடக்கும் மேக்னசைட் மேடுகள் அந்தப் பகுதியில்தான் உள்ளன. எலுமிச்சைச் சாறு விட்டால் அது பொங்காது. 1873-இல் ஃபூட் எழுதிய நூல் நமக்கு இன்னும் நெருக்கமானது. பாலாற்றுக்கு வடக்கே உள்ள சென்னை, வடார்க்காடு மாவட்டப் பகுதிகளைப் பற்றியது அது. காஞ்சிபுரமும் திருப்பெரும்புதூரும் அந்த நிலத்தில் அடங்கும். திருப்பெரும்புதூர்ப் பகுதிப் படிவங்களில் கிடைக்கும் தாவரப் புதைபடிவங்கள், டைனோசர்கள் வாழ்ந்த காலத்துச் செடிகளின் சுவடுகள். இன்று தொழிற்சாலைகள் நிற்கும் நிலத்துக்கு அடியில் அவை இருக்கின்றன.

பின்னர் அவர் பணி கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் நீண்டது. கோலார் பொன் கிடைக்கும் பாறை இனத்தைத் தனியாகப் பிரித்து, தார்வார் தொகுதி என்று 1880-களில் பெயரிட்டவர் அவரே. ஆனால் என் மனத்தில் நிற்பது பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளின் கதை. அந்த வட்டாரத்தில் ஆங்காங்கே சாம்பலும் உருகிய கசடும் மலைபோல் குவிந்து கிடந்தன. மாண்ட அரக்கர்களைச் சுட்டெரித்த இடம் என்பது ஊர்மக்கள் நம்பிக்கை. எரிமலைக் கசடு என்றார் ஒருவர்; இரும்பு உருக்கிய கழிவு என்றார் இன்னொருவர். பார்வைக்கு எல்லாமே பொருத்தமாகத்தான் இருந்தது. ஃபூட் கசடின் தன்மையைப் பார்த்தார். அருகில் எரிமலைக்கான வேறெந்தத் தடயமும் இல்லை. மேடுகளைச் சுற்றிக் கிடந்தவை வழவழப்பாகத் தீட்டிய கற்கோடரிகளும் மாட்டு எலும்புகளும். இது மாட்டுச் சாணம் பெருமளவில் எரிந்து உருகியது, இங்கே புதிய கற்கால மக்கள் மாட்டுப் பட்டி வைத்திருந்தார்கள் என்று அவர் முடிவு செய்தார். கேட்பவருக்குச் சிரிப்பு வரக்கூடிய முடிவு. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து, இன்றைய தெலங்கானாவில் உள்ள உட்னூரில் ஆல்ச்சின் என்ற ஆய்வாளர் தோண்டியபோது, பட்டியின் வேலிக் கம்புக் குழிகளும் மாட்டுக் குளம்புத் தடங்களும் வெளிப்பட்டன. ஃபூட் சொன்னதே சரி.

1880-களின் நடுவில் கர்னூல் மாவட்டத்துப் பில்லசர்கம் குகைகளைத் தோண்டும் பொறுப்பு வந்தபோது, அகழ்வில் பெரும் பங்கைச் செய்தவர் அவருடைய மகன், பீரங்கிப் படை அதிகாரி ஹென்றி. தந்தைக்கு உதவியாக மகன் குகை மண்ணைச் சலித்து எலும்புகளைப் பிரித்தெடுத்தார். கல்லையும் எலும்பையும் பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் மகனுக்கும் வந்திருந்தது.

பழைய கற்கால மனிதன் குவார்ட்சைட்டையே தேடினான், புதிய கற்கால மனிதனோ தேய்த்துத் தீட்ட வசதியான கரும்பாறை வகையைத் தேர்ந்தான் என்பதை ஃபூட் தெளிவாகக் கண்டார். யோசித்துப் பாருங்கள்: எந்தக் கல் எப்படி உடையும், எது தீட்டினால் வழவழக்கும் என்று அந்த மனிதர்களுக்கும் தெரிந்திருந்தது, தங்கள் பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இல்லையென்றால் அந்தக் கைத்திறன் ஆயிரக்கணக்கான தலைமுறைகள் தொடர்ந்திருக்காது. கல்லைக் குணத்தால் அறிவதுதான் மனிதன் பிள்ளைக்குச் சொல்லித்தந்த மிகப் பழைய பாடங்களில் ஒன்று.

ஃபூட் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. கடலோரச் செம்புரைக்கல் படிவங்கள் கடலில் படிந்தவை என்று முதலில் கருதினார். பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. குவார்ட்சைட் கிடைக்காத தென்தமிழகத்தில் பழைய கற்கால மனிதன் வாழ விரும்பவில்லை என்ற அவரது எண்ணத்தையும் அறிஞர்கள் பிறகு விவாதித்தார்கள். ஆனால் எந்தக் கல்லை எங்கே, எந்தப் படிவத்தில் எடுத்தார் என்பதை அவர் ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால், அவரைத் திருத்தவும் அவருடைய குறிப்புகளே உதவின. தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரத்துத் தேரி மணலில் நகக்கண் அளவே உள்ள கருவிகளை அவர் சேகரித்த குறிப்பு இல்லாவிட்டால், பின்னாளில் தேரிக் காடுகளை ஆராய்ந்தவர்களுக்கு வழி தெரிந்திருக்காது.

1891-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் கப்பலேறி ஊர் திரும்பவில்லை. பரோடா சமஸ்தானத்திலும் பிறகு மைசூரிலும் நிலவியல் பணி செய்தார். ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டார். சேர்வராயன் மலையில் வாழ்ந்த மக்கள், நிலத்தில் அகப்பட்ட தீட்டிய கற்கோடரிகளை மரத்தடிப் பிள்ளையார் கோயில்களில் குவித்து வைத்து வழிபட்டு வந்தார்கள். யார் செய்தது என்று தெரியாவிட்டாலும், இது வெறும் கல் அல்ல, ஏதோ ஒரு கை பட்டது என்பதை அவர்களும் உணர்ந்துதான் இருக்கிறார்கள்.

நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த கற்கருவிகளையும் பானைகளையும் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. முதுமையில் அவர் அதற்கு விளக்கப் பட்டியல் எழுதினார். எண், பொருள், எந்தக் கல், எந்த ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு. அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். பட்டியல் 1914-இலும், அதன் விளக்கக் குறிப்புகள் 1916-இலும் வெளிவந்தன. ஏற்காட்டில் உள்ள தூய திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது.

அவர் விட்ட இடத்திலிருந்து அத்திரம்பாக்கத்தில் வேலை தொடர்ந்தது. சென்னையில் இயங்கும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் 1999 முதல் பல ஆண்டுகள் அங்கே அகழ்ந்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். அதே இடத்தில் கைக்கோடரியை விட்டு மனிதர்கள் வேறுவகை நுட்பத்துக்கு மாறியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று 2018-இல் தெரிவித்தார்கள். பல்லாவரத்துச் சரளைக் குழியில் எழுந்த கேள்விக்கு எண்ணில் பதில் கிடைக்க ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. இந்த மையம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்கருவிகளைப் பற்றிச் சொல்லித் தருகிறது.

பல்லாவரத்தில் அந்தக் குழியைத் தேடினால் இன்று கிடைக்காது, எங்கும் கட்டடங்கள். ஆனால் ஃபூட் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது; காஞ்சிபுரத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். அத்திரம்பாக்கம் பாதுகாக்கப்பட்ட இடம்; அங்கே எதையும் எடுத்து வரக் கூடாது. வேறு எங்காவது, ஏரிக்கரையிலோ சாலைக்கு அள்ளிய சரளையிலோ, இரு முகமும் செதுக்கி விளிம்பு ஓடும் ஒரு கல்லைப் பிள்ளை கொண்டு வந்தால், எந்த இடத்தில் எடுத்தாய் என்று கேட்டு முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கல்லை மாவட்ட அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ காட்டுங்கள்.